கேட்டுக்கு வெளியே நின்ற ஆம்புலன்ஸ்

ஒரு பை நிறைய ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக, சென்னம்மாள் கோழிப்பண்ணை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். தம்பி குழந்தைவேலுக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பிய பிறகு முதல்முறையாகப் பார்க்க வந்திருக்கிறாள். தனியாக வரவில்லை. மகன், மருமகள், மருமகளின் பெற்றோர், அவர்கள் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். கேட்டுக்கு உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குழந்தைவேலின் மனைவி தெய்வநாயகி. நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கையா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க மட்டும் உள்ள வாங்க. மத்தவிய எல்லாம் இன்னொரு நாளைக்கு வரட்டும்."

"ஏம்மா, நாங்க என்ன சீக்குக் கோழிங்களா? என்ற பொறந்தவனைப் பாக்கறதுக்கு உன்றகிட்ட அனுமதி கேக்கோணுமா?"

"ஒருத்தர்னா படுத்துக்கிட்டே பேசுவாங்க. பத்துப் பேரைப் பாத்தா எந்திரிச்சு ஒக்காந்து கதை சொல்ல ஆரம்பிச்சுருவாங்க. டாக்டரம்மா ஆகவே ஆகாதுன்னு சொல்லியிருக்குதுங்க."

தெய்வநாயகி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போவது நம் பக்கத்தில் ஒரு சின்னத் திருவிழா. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, எப்போது வலித்தது, எந்தப் பக்கம் வலித்தது என்று ஆரம்பத்திலிருந்து கேட்பார்கள். நோயாளியும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அடுத்து, அதே நோய் வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், அதில் செத்துப்போனவர்கள்தான் முதலில் வருவார்கள். அப்புறம் காபி. கிளம்பும்போது மட்டும் மறக்காமல், "ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்பார்கள்.

சென்னம்மாள் உள்ளே போய்த் தம்பியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேனில் ஏறும்போது, "கோழிக்குப் போட்ட சட்டத்தை இவ புருசனுக்கும் போட்டுட்டா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தெய்வநாயகிக்கும் கேட்டது. அவள் கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். சொல்லட்டும், வருடக்கணக்கில் சொல்லிக் காட்டட்டும். இப்போது அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். கணவரின் நெஞ்சுக்குள் ஒரு பக்கத்துச் சதை அசையாமல் கிடக்கிறது. அது செத்துக் கிடக்கிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

வலி வந்த அன்று தெய்வநாயகி ஊரில் இல்லை. பரமத்தி வேலூரில் ஒரு காதுகுத்து. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் போன் வந்தது. பண்ணையில் பல வருடமாக மேற்பார்வை பார்க்கும் மாதேஸ்வரன் பேசினான். இலையை மடிக்கக்கூடத் தோன்றவில்லை. கிடைத்த காரில் ஏறி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, அவரை ஐசியூவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

டாக்டர் அகல்யா திருச்செங்கோட்டுப் பெண். வயது குறைவுதான், ஆனால் அவசரப்படாமல் பேசினாள். தெய்வநாயகியை உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அடைப்பை எடுத்தாச்சுங்கம்மா. ரத்தம் நல்லா ஓடுது. உசுருக்கு இப்போதைக்குப் பயமில்லை. ஆனா ரத்தம் நின்னிருந்த நேரம் பூரா இதயத்துல ஒரு பக்கத்துச் சதை பட்டினி கெடந்திருக்குது."

"அதான் இப்ப ரத்தம் ஓடுதுன்னீங்களேங்க. சரியாப் போயிராதுங்களா?"

"அதுலதாங்க சிக்கலே. பட்டினி கெடந்த சதைக்குத் திடீர்னு ரத்தம் திரும்பி வர்றதும் ஒரு அடிதான். அதைத் தாங்காம கொஞ்சம் சாகும், கொஞ்சம் மயங்கிக் கெடக்கும். எது செத்தது, எது மயங்குனதுன்னு இப்ப ஸ்கேன்ல பாத்தாத் தெரியாது. ரெண்டும் ஆடாமத்தான் இருக்கும்."

தெய்வநாயகிக்கு இது புரியாத விஷயமே அல்ல. சித்திரை வெயிலில் மோட்டார் பழுதாகி ஒரு மத்தியானம் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வாடிய கோழிகளை அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீர் வந்ததும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் அவை மட்டுமீறிக் குடித்து, தாகத்தில் சாகாதது தண்ணீரில் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். கோழிக்கு அவளே நின்று குழாயைத் திறந்திருக்கிறாள். அவர் நெஞ்சின் அடைப்பைத் திறக்கும்போது அவள் அங்கே இல்லை.

"எப்பங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம் கழிச்சு எக்கோ எடுத்துப் பாப்போம். மயங்குன சதை முழிச்சிருந்தா அசையும். அதுவரைக்கும் அந்த இதயத்துக்கிட்ட வேலை வாங்கக் கூடாது. பாரம் தூக்கறது, கோபம், அலைச்சல் ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குள்ள மெதுவா நடக்கலாம், அதையும் நாங்க சொல்ற அளவுக்குத்தான் கூட்டோணும். பாதியை மாத்திரை காப்பாத்தும். மீதி உங்க கையில இருக்குதுங்க."

எழுந்து போகும்போது டாக்டர் நின்றாள். "வலி வந்ததுக்கப்புறம் அய்யா ரொம்ப தூரம் நடந்தாராமே? ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க. கேட்டுக்குள்ள வண்டியை விட மாட்டேன்னுட்டாராம். பட்டினி கெடந்த சதையைப் புடிச்சு மூட்டை தூக்கச் சொன்ன மாதிரிங்கம்மா அது."

தெய்வநாயகியின் தலையில் பூ வாடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கோழிக்காகவா? ஒரு ஆம்புலன்ஸ் டயரில் ஒட்டிக்கொண்டு கிருமி வந்துவிடும் என்று இந்த மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாரா?

அந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்பது அவளுக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை.

மோகனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர்களுடைய முட்டைக்கோழிப் பண்ணை. கேட்டிலிருந்து வரிசையாகக் கொட்டகைகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் வீடு. சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். குழந்தைவேலுக்கு வாய் நிறைய வரவேற்கத்தான் தெரியும். ஒரு நாள் வேறு பண்ணைக்குக் கோழி ஏற்றிக்கொண்டு போன சிநேகிதர், வழியில் வண்டியோடு எட்டிப் பார்த்தார். "வாய்யா, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று வண்டியை வீட்டு வாசல் வரைக்கும் வரச் சொன்னார் இவர். டீ நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரத்தில் ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. வெள்ளைக்கழிச்சல், அந்த வண்டியோடு வந்த தொற்றுநோய். ஒரு கொட்டகை முழுக்கப் போயிற்று. குழி தோண்ட ஜேசிபி வர வேண்டியிருந்தது. குஞ்சிலிருந்து தான் வளர்த்த கோழிகளை மண் மூடுவதைப் பார்த்துக்கொண்டு தெய்வநாயகி குழியோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். யார் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

எழுந்து வந்த பிறகு அவள் கேட்டுக்குப் பூட்டு வாங்கினாள். கேட் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினாள், செருப்பை அதில் நனைக்காமல் யாரும் கால் வைக்கக் கூடாது. வெளி வண்டி ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. முட்டை லாரி வெளியேதான் நிற்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்கள்கூடக் கேட்டிலேயே தாம்பூலத்தட்டை நீட்டிவிட்டுப் போனார்கள். கோபித்துக்கொண்டவர்களிடம், "கோழிக்குச் சொந்தபந்தம் தெரியாதுங்க" என்பாள்.

குழந்தைவேல் வீடு வந்ததும் அவருடைய கட்டிலை முன்அறை ஜன்னலோரம் போட்டாள். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றாமல், படுத்தபடியே கொட்டகை தெரியட்டும் என்பது அவள் கணக்கு. கணக்கு கொஞ்சம் தப்பிப்போயிற்று. அந்த மனுசனுக்குக் கண்ணே தேவைப்படவில்லை, காதே போதுமாக இருந்தது. "நாயகி, மூணாவது கொட்டாயில சத்தம் ஒரு மாதிரியா இருக்குது. தண்ணி வருதான்னு பாக்கச் சொல்லு" என்பார். போய்ப் பார்த்தால் குழாய் அடைத்திருக்கும்.

போனை எடுத்து ஒளித்து வைத்தாள். முட்டை விலை இறங்கினால் அவர் நெஞ்சு படபடக்கும். தினமும் காலையில் அவளே விலை சொன்னாள். தினமும் விலை ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கும் ஏறிடுச்சா?" என்று கேட்டார் ஒரு நாள்.

"ஏறிடுச்சுங்க."

"இப்படியே போனா நாமக்கல்லுல ஒரு முட்டை ஒரு பவுன் வித்துரும் போ." சிரிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் பயமும் வந்தது.

உப்பில்லாத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். மாத்திரையைக் குழந்தைபோல் கை நீட்டி வாங்கிக்கொண்டார். கட்டிலிலிருந்து சமையல்கட்டு வரை, பிறகு வீட்டைச் சுற்றி என்று டாக்டர் சொன்ன அளவுக்கு நடை கூடியது. அவளும் கூடவே நடந்தாள். அவர் மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டே நடந்ததில் அவளுக்குத் தன் மூச்சு மறந்துபோகும்.

மத்தியானம் அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை மெதுவாக அவர் நெஞ்சில் வைப்பாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த நெஞ்சில் தலை சாய்த்திருக்கிறாள், சண்டையில் பிடித்துத் தள்ளியும் இருக்கிறாள். உள்ளே ஒன்று துடித்துக்கொண்டு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. "எந்திரிச்சுக்க சாமி" என்று அந்தச் சதையிடம் வாய்க்குள்ளேயே கெஞ்சுவாள். "தூங்குனது போதும். எந்திரிச்சுக்க சாமி."

ஆனால் கோபம் மட்டும் போகவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டாள். "கோழி பெருசா, நான் பெருசாங்க உங்களுக்கு? ஆம்புலன்ஸை உள்ள உட்டிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த நேரத்துல ஒண்ணும் தோணல நாயகி" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் சொல்லும் பொய் அது என்பது தெரிந்தது. எதை மறைக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. அவரைக் கோபப்படுத்தக் கூடாது என்று அதோடு விட்டுவிட்டாள்.

அந்தக் கோபம் மாதேஸ்வரன் தலையில் விடிந்தது. ஒரு நாள் காலையில் முட்டை அட்டைகளை லாரிக்கு அனுப்பிவிட்டுக் கேட்டோரம் நின்றிருந்தான். "அவியதான் புரியாம நடந்தாங்க. நீ பாத்துக்கிட்டு நின்னியாடா? கையில காலுல புடிச்சாவது நிறுத்தியிருக்க வேண்டாம்?" என்று பிடித்துக்கொண்டாள்.

மாதேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் சும்மா நிக்கலைங்க அக்கா. வாய்வுதான், ஓமத்தண்ணி கொண்டாடான்னாருங்க. சட்டை பூரா வேர்த்து ஒட்டிக்கெடந்துது. நான் அவரைக் கேக்காமயே நூத்தியெட்டுக்குப் போன் பண்ணிட்டேன். வண்டி சீக்கிரமா வந்துருச்சு. தொறக்கலாம்னு நீங்க குடுத்துட்டுப் போன சாவியை எடுத்தா, புடுங்கிக்கிட்டாரு. ஸ்ட்ரெச்சரையாவது கொண்டு வாரோம்னாங்க வண்டிக்காரங்க. அவிய காலு எங்கெங்க மிதிச்சுதோ, வேண்டாம்னுட்டாரு."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க."

"மாதேசு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ற தோளைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடந்தாருங்க. ரெண்டு எடத்துல நின்னுட்டாரு. அண்ணா, கேட்டைத் தொறந்தர்றேன், அக்கா திட்டுனா நான் வாங்கிக்கறேன்னு கெஞ்சுனேன். திட்டுனா வாங்கிக்கலாம்டான்னாரு. அன்னைக்குக் குழியோரத்துல ஒக்காந்து அழுதா பாரு, அது என்னாலதான் வந்துச்சு, இன்னொருக்கா அவ அப்படி அழுது பாக்க என்னால ஆகாதுடான்னாருங்க. கேட்டைத் தாண்டறப்பக்கூட செருப்பை மருந்துத் தொட்டியில நனைச்சுட்டுத்தான் வண்டியில ஏறுனாரு. வெளிய போறவருக்கு எதுக்குங்க அது?"

தெய்வநாயகி திரும்பினாள். கேட்டிலிருந்து வீடு வரைக்கும் அந்தப் பாதையில் நடந்தாள். தினமும் நடக்கிற பாதைதான். அன்றைக்கு அது முடியவே இல்லை. முதல் கொட்டகை தாண்டி, இங்கே நின்றிருப்பாரோ என்று நின்றாள். வேப்பமரத்தடியில், இங்கேயோ என்று மறுபடி நின்றாள். இத்தனை நாளாகக் கோழி பெரிதா நான் பெரிதா என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அந்த மனுசன் கோழிக்காக ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவள் போட்ட பூட்டு, அவள் அழுத அழுகை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே அழுது முடித்து, கொட்டகைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனாள்.

"எங்க போயிட்டே? இன்னைக்கு விலை ஏறிடுச்சா?" என்று கேட்டார் அவர்.

"ஏறிடுச்சுங்க" என்றாள்.

எக்கோ எடுக்கும் நாள் வந்தது. வாடகைக் காரைக் கேட்டுக்கு வெளியே வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல நாளுக்குக் கட்டுவது போல் தெய்வநாயகி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இருட்டான அறையில் அவர் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்க, டாக்டர் அகல்யா நெஞ்சில் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள். தெய்வநாயகியைப் பக்கத்தில் நிற்க அனுமதித்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ மூடித் திறந்தது. எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் முகத்தை மறைக்கத் தெரியவில்லை, அது நல்லதாயிற்று.

"இங்க பாருங்கம்மா. அன்னைக்கு இந்தச் சுவரு பூரா அசையாமக் கெடந்துச்சு. இன்னைக்கு எப்படி உள்ள போயிட்டு வருது பாருங்க. முழிச்சுக்கிச்சு."

தெய்வநாயகி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாமாங்க?"

டாக்டர் திரையின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தாள். "இந்த அடி ஓரம் மட்டும் எந்திரிக்கலைங்க. இது இனி எந்திரிக்காது. ஆனா மத்ததெல்லாம் சேர்ந்து சமாளிச்சுக்கும். மாத்திரையை நிறுத்தாம, பாத்து நடந்துக்கிட்டா நல்லா இருப்பாருங்க."

வெளியே வந்தபோது, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தெய்வநாயகி டாக்டரைத் தனியாகக் கேட்டாள். "அன்னைக்கு அவிய நடக்காம வண்டி வாசலுக்கே வந்திருந்தா, அந்த ஓரமும் பொழைச்சிருக்குமுங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்." அகல்யா அவள் கையைப் பிடித்தாள். "பொழைச்சதை மட்டும் பாருங்க. அவ்வளவையும் நீங்கதான் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க."

கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஓரம் அவளுடன் வந்தது. குழந்தைவேல் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

கேட் வந்ததும் டிரைவர் வழக்கப்படி வண்டியை நிறுத்தினார். குழந்தைவேல் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார். "இங்கயே எறங்கிக்கறேன். டாக்டரம்மாதான் நடக்கலாம்னு சொல்லிருச்சில்ல."

"ஒக்காருங்க" என்றாள் தெய்வநாயகி.

அவள் இறங்கினாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். இரண்டு கதவுகளையும் கடைசி வரை தள்ளினாள். ஒரு கதவு வெகுகாலம் அசையாமல் இருந்ததால் மண்ணில் மாட்டிக்கொண்டது. மாதேஸ்வரன் ஓடி வந்து தூக்கிவிட்டான். பிறகு அவள் சுவரில் தொங்கிய மருந்துத் தெளிப்பானை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலை நனைவதைப் பாராமல் நான்கு டயருக்கும் தானே மருந்து அடித்தாள். டிரைவர் ஒன்றும் புரியாமல் மாதேஸ்வரனைப் பார்த்தார். மாதேஸ்வரன் வேறு எங்கோ பார்த்தான்.

குழந்தைவேலுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நாயகி, டயருக்கு மட்டும் அடிச்சாப் பத்தாது. வாடகை வண்டி, எத்தனை பண்ணைக்குப் போயிட்டு வந்துச்சோ. கோழிக்கு ஏதாச்சும் வந்துட்டா..."

"வந்துட்டா?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நீ அழுவே" என்றார்.

தெய்வநாயகி தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கத்தில் வந்து நின்றாள். மருந்து வாடை அடிக்கும் ஈரக்கையை அப்படியே அவர் நெஞ்சில் வைத்தாள்.

"அழுதுட்டுப் போறேனுங்க. அழுவறப்ப பக்கத்துல நீங்க இருக்கோணும்."

அவர் மாதேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சொல்லிவிட்டான் என்பது தெரிந்துபோயிற்று. திட்டவில்லை. நெஞ்சில் இருந்த கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

தெய்வநாயகி சாவியை மாதேஸ்வரனிடம் கொடுத்தாள். "இனி உன்றகிட்டயே இருக்கட்டும். யாருக்காச்சும் ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரையும் கேட்டுட்டு நிக்காதே, தொறந்து உட்டுரு" என்றாள். பிறகு காரில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கொட்டகைகளைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, வீட்டு வாசல் வரைக்கும் போய் நின்றது.